வெட்ட வெட்ட வளர்வது

1

பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி எந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது, கைப்பிடியில் இருக்கும் பாதுகாப்புக் கம்பியையும் அழுத்திப் பிடித்திருக்கிறோம். அப்படியானால் நான்கு காரணங்கள்தான் இருக்க முடியும். எஞ்சினுக்குக் காற்று வரவில்லை, எரிபொருள் வரவில்லை, பொறி வரவில்லை, அல்லது சிலிண்டருக்குள் அழுத்தம் இல்லை. அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அமெரிக்கப் புறநகர்த் தெரு ஒன்றில் நடந்தால், இந்த நான்கில் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டியபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் யாரையாவது பார்க்கலாம். இருபது முறை இழுப்பார். எந்திரத்தைத் திட்டுவார். பிறகு போனை எடுத்துப் புது எந்திரத்தின் விலையைப் பார்ப்பார்.

நான் மேரிலாந்தில் வசிக்கிறேன். வீட்டோடு புல் வந்தது, புல்லோடு மோவரும் வந்தது. முந்தைய வீட்டுக்காரர் கராஜில் விட்டுப்போனது அது. பிளேடை மட்டுமல்லாமல் பின்சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் செல்ஃப் புரொப்பல்டு வகை. நாம் தள்ள வேண்டாம், பின்னால் நடந்தால் போதும். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இப்படி ஓர் எந்திரம் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அதைப் பிரித்துப் பார்ப்பான். நானும் பார்த்தேன்.

பழுது கண்டுபிடிப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சில முறை கயிற்றை இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்து சேரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம். ஒரே பார்வையில் பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். எங்கள் தொழிலில் இதை பைனரி சர்ச் என்போம். பிளக் காய்ந்திருக்கிறது என்றால் அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரின் வாயில் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சி இழுக்கலாம். இரண்டு நொடி ஓடிவிட்டு அணைந்தால் எஞ்சின் நலம், பழுது கார்புரேட்டருக்குள் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடம் கழித்து நின்றுபோகிறதா? பெட்ரோல் டாங்கின் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். இப்போது நிற்காமல் ஓடினால், காற்று உள்ளே போவதற்காக மூடியில் இருக்கும் சின்னத் துளை அடைத்திருக்கிறது. எரிபொருள் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோலும் இறங்காது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்கு ஒரு வரிசை சொல்லப்பட்டிருக்கிறது. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது, பிறகுதான் சிகிச்சை. கயிற்றை இருபது முறை இழுப்பவர் முதல் மூன்றையும் தாண்டி நேராக நான்காவதில் நிற்கிறார்.

பெரும்பாலான நேரம் காரணம் குளிர்காலத்தில்தான் இருக்கும். அக்டோபர் கடைசியில் எந்திரத்தை அப்படியே தள்ளிக்கொண்டு போய் கராஜில் நிறுத்திவிடுவார்கள். இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதி மெல்லப் பறந்துவிடும். மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறும். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஒரு ஜெட் வழியாக மேலே ஏற வேண்டும். அந்த ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆறு மாதத்துப் பிசின் அதை அடைக்கப் போதும். சில மாடல்களில் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டே ஜெட்டாகவும் இருக்கும். அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, துளையில் மெல்லிய கம்பியை விட்டு, கார்ப் கிளீனர் அடித்து, திரும்ப மாட்டினால் எந்திரம் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். அரை மணி நேர வேலை.

எந்திரம் கெட்டது ஓடியதால் அல்ல, சும்மா நின்றதால். அதனால் பராமரிப்பின் முக்கியமான பகுதி அதை உபயோகிக்காத நாட்களில்தான் இருக்கிறது. குளிருக்கு முன்னால் பெட்ரோலை ஓட்டித் தீர்த்துவிடுவது, அல்லது ஸ்டெபிலைசர் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது, ஆயில் மாற்றுவது. யாரும் பார்க்காத, யாரும் பாராட்டாத வேலைகள்.

2

கெட்டுப்போகும்போதுதான் ஓர் எந்திரத்தின் உள்ளே யார் யாரெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

எஞ்சின் சீராக ஓடாமல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு வாங்குவதுபோல் ஓடும் பழுது ஒன்று உண்டு. இதற்கு கவர்னரைக் குறை சொல்வார்கள். ஆளுநர் மாளிகையை நினைக்க வேண்டாம். எஞ்சினின் வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று என்ற அளவில் பிடித்துவைக்கும் அமைப்புக்குப் பெயர் கவர்னர். அடர்ந்த புல்லில் பிளேடு திணறி வேகம் குறைந்தால் அது த்ராட்டிலைத் திறக்கும், வேகம் கூடினால் மூடும். ஜெட் பாதி அடைத்து எரிபொருள் குறைவாக வரும்போது வேகம் விழுகிறது. கவர்னர் திறக்கிறது, வேகம் ஏறுகிறது. கவர்னர் மூடுகிறது, வேகம் மறுபடி விழுகிறது. நமக்குக் கேட்கும் அந்த ஏற்ற இறக்கம் கவர்னரின் பழுது இல்லை. வேறெங்கோ இருக்கும் பழுதைச் சரிசெய்ய அது படும் பாடு. தெரியாமல் கவர்னரின் ஸ்பிரிங்கை வளைத்து ‘சரி’ செய்பவர்கள் உண்டு. சத்தம் போடுகிறவனையே குற்றவாளியாக்கும் பழக்கம் நமக்கு எந்திரத்திடமும் இருக்கிறது.

சக்கரம் நகரவில்லை என்றாலும் இதே வரிசைதான். கைப்பிடியிலிருந்து ஒரு கேபிள் இறங்குகிறது. அது டிரான்ஸ்மிஷனை இழுத்து பெல்ட்டை இறுக்குகிறது. எஞ்சினின் தண்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழற்சி பின் அச்சுக்கு வருகிறது. அச்சின் நுனியிலுள்ள சின்னப் பல்சக்கரம் சக்கரத்தின் உட்பல்லைத் தள்ளுகிறது. கேபிள் நாளடைவில் நீண்டு தொய்ந்துபோகும். திருகி இறுக்குவதற்குக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஒரு மரை இருக்கும். பெல்ட் தேய்ந்து வழுக்கும். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே காய்ந்த புல் கெட்டியாக அடைந்திருக்கும். டிரான்ஸ்மிஷன் போய்விட்டது என்று தூக்கி எறியப்படும் எந்திரங்களில் சிலவற்றுக்கு ஒரு பழைய டூத் பிரஷ் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஃபிளைவீல் கீ. விரல் நுனியளவுகூட இல்லாத உலோகத் துண்டு. எஞ்சின் தண்டையும் அதன் மேலே சுழலும் கனமான ஃபிளைவீலையும் இணைத்துப் பிடித்திருக்கும். பிளேடு ஒரு மரவேரிலோ கல்லிலோ மோதிச் சட்டென்று நிற்கும்போது தண்டும் நின்றுவிடும், ஃபிளைவீல் நிற்க மறுக்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் தண்டுக்குப் போனால் எஞ்சினே வீண். அதற்காகத்தான் இந்தக் கீயை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். அது அறுந்துகொள்ளும். சில டாலர் பெறும் பொருள் தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கிறது. கீ பாதி அறுந்தால் பொறி வரும் நேரம் மாறிவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது கயிற்றைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கும்.

கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டிய கம்பியும் அப்படித்தான். 1982இலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் நடந்து ஓட்டும் மோவர்களில், அந்தக் கம்பியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. அடைத்த புல்லை எடுக்க ஓடும் பிளேடுக்குள் கையை விட்டவர்களின் விரல்கள்தான் அந்த விதிக்குப் பின்னால் இருக்கின்றன. அவசரப்படுவான், அலட்சியமாக இருப்பான், ஆனாலும் அவன் விரல் போகக் கூடாது என்று முன்பின் தெரியாத ஒருவனுக்காக யாரோ யோசித்திருக்கிறார்கள். பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிடு என்று கையேட்டில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதும் அதே அக்கறைதான்.

3

இதுவரை படித்தவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று ஓர் ஊகம் இருக்கும். தூக்கி எறியும் கலாச்சாரத்துக்கு எதிராகப் பழுதுபார்த்தல் என்னும் அறம். பொருளோடு பொறுமையாக இருத்தல், கையழுக்காதல், கவனம். அதை நானும் நம்புகிறேன். நம்புவதற்குத் தத்துவத் துணையும் உண்டு. மார்டின் ஹைடெகர் 1927இல் வந்த தன் ‘இருத்தலும் காலமும்’ நூலில் சுத்தியலை வைத்து ஒன்றைச் சொல்கிறார். ஒழுங்காக வேலை செய்யும் கருவி நம் கண்ணில் படுவதில்லை. அது நம் கையின் நீட்சியாக மறைந்துவிடுகிறது. உடையும்போதுதான் அது ஒரு பொருளாக நம் முன்னால் வந்து நிற்கிறது. மோவர் ஓடும்போது நான் புல்லைப் பார்க்கிறேன். நின்றுபோகும்போதுதான் மோவரைப் பார்க்கிறேன்.

ஹன்னா ஆரெண்ட் 1958இல் மனிதச் செயல்களைப் பிரிக்கும்போது உழைப்பையும் ஆக்கத்தையும் வேறுபடுத்தினார். உழைப்பு வட்டமாகச் சுழல்வது. சமைப்பது, பெருக்குவது, களை எடுப்பது எல்லாம் அதில் சேரும். செய்து முடித்ததும் அழிந்து மறுநாள் மறுபடி தொடங்கும். ஆக்கம் என்பது மேசைபோல, கட்டடம்போல நிலைத்து நிற்கும் ஒன்றை உலகில் வைப்பது. புல் வெட்டுவது முதல் வகைக்கு அச்சு அசலான உதாரணம். வெட்ட வெட்ட வளரும். மோவர் என்னும் பொருள் இரண்டாம் வகை. பராமரிப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆக்கப்பட்ட பொருள் நிலைத்திருப்பதற்கே முடிவில்லாத உழைப்பு தேவைப்படுகிறது. பாலத்தைக் கட்டியவரின் பெயரைக் கல்வெட்டில் வைப்போம், ஆண்டுதோறும் அதற்குப் பெயிண்ட் அடிப்பவருக்குப் பெயர் கிடையாது.

நம் ஊரில் ஆயுத பூஜை இருக்கிறது. அது இங்கே கடைசிப் புல்வெட்டு நடக்கும் பருவத்தில்தான் வரும். லேப்டாப்புக்கும் காருக்கும் பொட்டு வைக்கும் தமிழ் வீடுகளில் மோவருக்கும் ஒரு பொட்டு வைத்தால் அதில் முரண் எதுவும் இல்லை. கருவியை ஒரு நாளாவது நிறுத்தி, துடைத்து, அதற்கு நன்றி சொல்லும் வழக்கம் நல்ல வழக்கம்.

ஆனால் ஆயுதத்தைக் கும்பிடுகிறோமே தவிர, அது எதை வெட்டுகிறது என்ற கேள்விக்கு அந்தப் பூஜையில் இடம் கிடையாது. என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது நல்லதா என்று கேட்பதும், அந்தப் பொருள் ஓடுவது நல்லதா என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் கேள்வியில் கிடைக்கும் மனநிறைவு இரண்டாவதைக் கேட்கவிடாமல் செய்துவிடும்.

4

இரண்டாவது கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது என் அம்மா. வீடியோ காலில் நான் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ புல்லையும் வெட்டி என்னப்பா பண்ணுவீங்க?”

“பையில கட்டி ரோட்டோரம் வச்சா வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும்மா.”

“மாட்டுக்கா?”

“இல்லம்மா. இங்க ஏது மாடு.”

“மாடே இல்லாத ஊருல எதுக்குப்பா இவ்ளோ புல்லு?”

என்னிடம் பதில் இல்லை. மேய்ச்சல் நிலம், தீவனம், வைக்கோல் என்று புல்லுக்குக் காரணம் இருக்கும் உலகிலிருந்து வந்த கேள்வி அது. லான் என்பதன் தனித்தன்மையே அதற்குக் காரணம் இல்லாமலிருப்பதுதான். எதற்கும் பயன்படாத நிலத்தை வைத்திருக்க எனக்கு முடியும் என்று காட்டுவதற்காகவே இங்கிலாந்தின் பிரபுக்கள் மாளிகை முன்னால் புல்லை வளர்த்தார்கள். அதைச் சீராக வைத்திருக்க அரிவாளோடு ஒரு கூட்டம் வேலையாட்களோ செம்மறி ஆடுகளோ வேண்டியிருந்தது. 1830இல் குளோஸ்டர்ஷையரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் முதல் புல்வெட்டி எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு அந்த யோசனை வந்தது துணி ஆலையிலிருந்து. கம்பளித் துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளைச் சீராக நறுக்கும் சுழல் பிளேடைப் பார்த்து, இதையே தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார். நிலத்தைத் துணிபோல மழமழப்பாக்கும் ஆசைக்கு அன்று எந்திரம் கிடைத்தது. வேலையாட்கள் இல்லாத வீட்டுக்கும் லான் சாத்தியமானது.

சாத்தியமானது பிறகு கட்டாயமானது. 1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்னும் குடியிருப்பு எழத் தொடங்கியது. 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், கார் தொழிற்சாலைபோல வரிசையாகக் கட்டப்பட்டவை. அமெரிக்கப் புறநகர் வாழ்வின் முன்மாதிரி என்று வரலாற்றுப் புத்தகங்கள் அதைத்தான் காட்டும். குடியேறியவர்களுக்கு அங்கே விதிகள் இருந்தன. வேலி கட்டக் கூடாது. புல்லை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். தொடக்ககால ஒப்பந்தங்களில் இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளை இனத்தவர் அல்லாதவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வருவதற்கு 1968 ஆனது. புல் பற்றிய எதிர்பார்ப்புக்கு எந்தக் குறையும் வரவில்லை. இன்றும் பல ஊர்களில் புல் 8 அங்குலத்தையோ 10, 12 அங்குலத்தையோ தாண்டினால் நோட்டீஸ் வரும், அபராதம் வரும்.

நாசாவில் பணியாற்றிய கிறிஸ்டினா மிலேசியும் சக ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களையும் வான்வழிப் படங்களையும் வைத்து 2005இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் வீட்டு லான்கள், கோல்ஃப் மைதானங்கள் உட்பட வெட்டிப் பராமரிக்கப்படும் புல்லின் பரப்பு சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டில் பாசனத்தில் விளையும் எந்தத் தனிப் பயிரைவிடவும் அதிகம். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்தைவிடப் பெரிய ஒரு வயல். அதில் விளைவதை யாரும் உண்பதில்லை.

5

லெவிட்டவுனில் ஒரு சனிக்கிழமையைக் கற்பனை செய்துபாருங்கள். ஒரு மனிதர் மோவரின் பிளேடைக் கழற்றுகிறார். அரத்தால் தீட்டி, நடுத்துளையில் ஆணியை விட்டுத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் எடை சமமா என்று பார்க்கிறார். கனமான பக்கத்தை இன்னும் கொஞ்சம் தீட்டுகிறார். சமமில்லாத பிளேடு எஞ்சினை நடுக்கித் தாங்கிகளைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். பொறுமைசாலி, கருவியை மதிப்பவர். அவர் வெட்டி முடித்த புல்வெளி பக்கத்து வீட்டுப் புல்வெளியோடு ஒட்டி, தெரு முழுக்க ஒரே பச்சைத் துணியாகக் கிடக்கிறது. அந்தத் துணியின் விளிம்புக்கு வெளியே, தோலின் நிறத்துக்காக வீடு மறுக்கப்பட்டவர்கள் நிற்கிறார்கள். அவருடைய கவனம் பொய்யானதா? இல்லை. அது உண்மையான நற்குணம். அதே நேரத்தில் அந்தத் தெரு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க அதுவும் உதவியது.

பராமரிப்பு என்பது நடப்பதைத் தொடர்ந்து நடக்கவைப்பது. நடப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வி அதன் ஸ்க்ரூ டிரைவருக்கு எட்டாது.

எங்கள் துறையில் இதைத் தினமும் பார்க்கலாம். இரவு 2 மணிக்கு ஃபோன் அலறுகிறது, சிஸ்டம் விழுந்துவிட்டது. ஐந்து பேர் ஆன்லைனில் கூடுகிறார்கள். லாகுகளைப் படித்து, ஒவ்வொரு சாத்தியமாகக் கழித்து, விடியும்போது காரணத்தைப் பிடித்துவிடுகிறார்கள். அந்த இரவின் தோழமை நிஜம், அந்தத் திறமையும் நிஜம். விழுந்த சிஸ்டம் ஒரு மருத்துவமனையின் படுக்கைகளை ஒதுக்குவதாக இருக்கலாம். இருபது வயதுப் பையனை இன்னும் நாற்பது நிமிடம் திரையைவிட்டு எழவிடாமல் வைப்பதாகவும் இருக்கலாம். சரிசெய்தவர்களுக்குக் கிடைக்கும் நிறைவு இரண்டிலும் ஒன்றேதான். பழுதுபார்த்தலின் இன்பத்துக்கு நோக்கம் தெரியாது. அதனால்தான் அது நல்ல மயக்கமருந்து. ‘எப்படி’ என்பதில் முழுகிக் கிடப்பவனுக்கு ‘எதற்கு’ என்பது ஏதோ தன் வேலைக்கு வெளியே இருக்கும் விஷயம்போலத் தோன்றிவிடும்.

மோவரின் விஷயத்தில் ‘எதற்கு’ இன்னும் கொஞ்சம் உறுத்தலானது. இந்தச் சின்ன எஞ்சின்களின் புகை, அளவைவிடப் பெரியது. வணிகப் பயன்பாட்டு மோவர் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டுவது, பனிப்புகையை உண்டாக்கும் மாசின் கணக்கில் ஒரு புதிய காரைச் சுமார் 300 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் சொல்கிறது. கார்களை ஐம்பது ஆண்டுகளாகச் சட்டம் இறுக்கிப் பிடித்தது, மோவரை அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை. 2021இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2024ஆம் ஆண்டு மாடலிலிருந்து அங்கே விற்கப்படும் இந்த வகைப் புதிய எந்திரங்கள் புகை வெளியிடக் கூடாது. 2023இல் ஹோண்டா அமெரிக்காவில் பெட்ரோல் மோவர் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது.

அப்படியென்றால் நான் ஜெட்டைச் சுத்தம் செய்து உயிர்ப்பிக்கும் எந்திரம் சாக வேண்டிய எந்திரமா? பேட்டரி மோவர் வாங்குவது ஒரு பதில். ஆனால் ஓடும் எந்திரத்தை என்ன செய்வது? விற்றால் புகை நிற்காது, தெருதான் மாறும். நொறுக்கினால் அலுமினியமும் இரும்பும் வீண், புதியதன் லித்தியம் எங்கோ ஒரு சுரங்கத்திலிருந்து வர வேண்டும். ஆள் வைத்து வெட்டலாம். இங்கே பலரும் அதைத்தான் செய்கிறார்கள். என் கையில் கரி படியாது, புகை என் மூக்கில் ஏறாது, ஆனால் புகை இருக்கும். அதை வாரம் முழுக்கச் சுவாசிப்பவர் ஒருவர் இருப்பார். மென்பொருள்காரர்கள் வரும் எச்-1பி விசா எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். எச்-2பி என்று ஒன்று இருப்பது அவ்வளவாகத் தெரியாது. விவசாயம் அல்லாத பருவகால வேலைக்கானது அது. அதில் அதிகம் பேர் வருவது புல்வெளி, தோட்ட வேலைக்குத்தான். சீசன் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். இரண்டு விசாவுக்கும் பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம். ஒன்றில் வந்தவன் வீடு வாங்கிப் புல் வளர்க்கிறான், மற்றதில் வந்தவன் அதை வெட்டிவிட்டுப் போகிறான்.

ஆக, சுத்தமான கை என்று ஒன்று இந்தக் கணக்கில் எங்கும் கிடைக்கவில்லை.

6

இருந்தாலும் நான் பழுதுபார்ப்பதன் பக்கம்தான் நிற்கிறேன். அது புனிதமானது என்பதற்காக இல்லை. ‘எதற்கு’ என்ற கேள்வியைக் காதில் போடக்கூடிய தூரத்தில் பழுதுபார்ப்பவன்தான் இருக்கிறான் என்பதற்காக.

ஆயில் மாற்றும்போது எவ்வளவு கறுப்பாக வெளியே வருகிறது என்று எனக்குத் தெரியும். ஏர் ஃபில்டரில் ஒரு கோடைக்காலத்தின் தூசியைப் பார்க்கிறேன். ஒரு வாரப் புல்லுக்கு எத்தனை பெட்ரோல் என்று கை அறிந்திருக்கிறது. பிளேடு மழுங்கினால் புல் வெட்டுப்படாமல் கிழிபடும், இரண்டு நாளில் நுனிகள் பழுத்து நிற்கும். இந்த விலைகள் எல்லாம் சேவையை வாங்குபவனின் பில்லில் ஒரே தொகையாகச் சுருங்கிவிடுகின்றன. எந்திரத்துக்குள் கை வைத்தவனுக்கு அவை தனித்தனியாகத் தெரிகின்றன. தெரிந்துவிட்டதால் அவன் நல்லவனாகிவிடுவதில்லை. லெவிட்டவுன் மனிதருக்கும் பிளேடு தெரிந்துதான் இருந்தது. ஆனால் கேள்வி எழுவதற்குத் தேவையான பொருள் அவனிடம் இருக்கிறது. கேட்க வேண்டியது மட்டும் மிச்சம்.

பழுது தேடும் முறையிலேயே அதற்கு வழி இருக்கிறது. பிளக்கில் தொடங்கிய கேள்வியைப் பிளக்கோடு நிறுத்த வேண்டிய அவசியமில்லை. எஞ்சின் ஏன் நின்றது? ஜெட் அடைத்தது. ஏன் அடைத்தது? பெட்ரோல் கிடந்தது. ஏன் இவ்வளவு பெட்ரோல்? வாரம் ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. ஏன் வாரம் ஒருமுறை? இந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்க வேண்டும், விசாரணையைத் தொடர வேண்டும். நாம் பெரும்பாலும் கருவி எட்டும் இடத்தோடு நின்றுவிடுகிறோம். கவர்னரின் சத்தத்தைக் கேட்டுக் கவர்னரை வளைப்பது எப்படித் தவறோ, மோவரின் பழுதை மோவருக்குள் மட்டும் தேடுவதும் அப்படித் தவறுதான்.

என் வீட்டில் கேள்வி ஓரளவுக்கு நகர்ந்திருக்கிறது. சக்கரங்களின் உயரத்தை ஏற்றி, புல்லை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. உயரமான புல் வேரை ஆழமாக விடும், களையை நிழலில் வைக்கும், தண்ணீர் குறைவாகக் கேட்கும். ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. வெட்டியதைப் பையில் கட்டாமல் பொடியாக்கி அங்கேயே விட்டுவிடுகிறேன். மண் தின்றுகொள்கிறது. வீட்டின் பின்பக்கம் மூன்றில் ஒரு பகுதியில் புல்லை எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய பால்வீட், கோன்ஃபிளவர் செடிகளை வைத்தாயிற்று. மேரிலாந்து 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. வண்டுகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் இடம் தரும் இத்தகைய தோட்டங்களைக் குடியிருப்போர் சங்கங்கள் நியாயமின்றித் தடுக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் வேலியோரம் நின்று, களை மண்டிவிட்டதே, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார். நன்றாக இருக்கிறேன், இது வேண்டுமென்றே வைத்தது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மோவரை விற்கவில்லை. முன்பு ஒரு சீசனில் ஓடிய நேரத்தில் பாதிதான் இப்போது ஓடுகிறது. இது எனக்கு வசதியான முடிவு என்பது தெரியும். இதை அறம் என்று யார்மேலும் ஏற்றிவைக்க மாட்டேன். ஆனால் ஒரு பொருளை நன்றாகக் கவனித்துக்கொள்வதும், அதன் தேவையைக் குறைத்துக்கொண்டே வருவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நல்ல வைத்தியர் நோயாளி அடிக்கடி தன்னிடம் வர வேண்டும் என்று விரும்ப மாட்டார். பராமரிப்பவனின் நேர்மைக்கும் அதே அளவுகோல்தான். ஜெட்டை ஒழுங்காகச் சுத்தம் செய், பிளேடைச் சமமாகத் தீட்டு, பெட்ரோலை வடித்து வை. கூடவே, இந்த எந்திரம் இல்லாமல் போகும் நாளுக்கு நிலத்தைத் தயார்செய்.

அம்மாவுக்கு அந்தச் செடிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பரவால்லப்பா. ஆனா அந்த இடத்துல நாலு கத்திரி வச்சிருக்கலாம்.” அடுத்த மே மாதம் வைக்கலாம் என்றிருக்கிறேன்.